சுவக்கீன் முதுகைத் திருப்பிய ஆட்டம்

பொன்ராஜை வேலையிலிருந்து கழித்து மலையிறக்கப் போகிறார்கள் என்ற செய்தி எனக்குத்தான் முதலில் தெரியும். பொன்ராஜுக்கே அப்புறந்தான் தெரியும். எஸ்டேட் ஆபீஸைப் பெருக்கப் போயிருந்தேன். உள்ளே பெரியமுத்து கங்காணி தொரை முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். நான் பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினேன்.

"என் மருமவனை நாலு பேரு பாக்கக் கன்னத்துல அறைஞ்சவன் தொரை. அவனை வச்சிருந்தா நாளைக்கு என்னை அறைவான். அதுக்கு மறுநாள்..." என்று கங்காணி நிறுத்திக்கொண்டார். அதற்கு மறுநாள் யாருக்கு விழும் என்பதைத் தொரையே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மனிதர் கெட்டிக்காரர்.

அறை வாங்கிய மருமகன் செல்லத்துரை; கங்காணி அவனுக்குத் தாய்மாமன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு பிடிப்பவன். ஏன் அறை வாங்கினான் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டும்போது அடியில் நைசாக முழங்காலைக் கொடுப்பான். காலையிலிருந்து அட்டைக் கடியில் ஒடித்த கொழுந்து, அவன் முழங்காலில் பாதி போய்விடும். அன்றைக்குப் பொன்ராஜின் பெண்டாட்டி அழகுத்தாய், நிறைமாத வயிற்றோடு நின்றவள், "காலை எடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை முடித்து வந்துகொண்டிருந்த பொன்ராஜ் இதைப் பார்த்துவிட்டான். கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அறைந்தான். அதற்கே அவனைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் தொரையிடம் போய் இதை யார் சொல்வது? வேலைக்குப் பேர் கொடுப்பவர் கங்காணி. அவர் பேரை விட்டுவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதனால் எல்லாரும் ஊமையாகிவிட்டோம்.

அது தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம். வண்டிப்பெரியாரைச் சுற்றி எல்லாத் தோட்டத்திலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தோட்டத்தில் கழித்துவிட்டவனை அடுத்த தோட்டத்தில் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கீழே எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கமோ மழை என்பதே இல்லை. மலையிறக்கினால் அந்தப் பிள்ளைத்தாச்சி குமுளிக் கணவாய் வழியே கம்பத்துக்கு நடக்க வேண்டும். வழியில் வலி கண்டால் யார் இருக்கிறார்கள்?

தொரை பைப்பைத் தட்டிவிட்டு யோசித்தார். அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. பக்கத்துத் தோட்டத்துத் தொரை வருஷா வருஷம் சடுகுடுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய், கிளப்பில் வைத்து இவரைக் கேலி பேசுவாராம். சமையல்காரன் சொன்னது. எங்கள் தோட்டத்தில் சடுகுடு நன்றாக ஆடுகிறவன் பொன்ராஜ்தான்.

"ஸ்போர்ட்ஸ் வருது. பொன்ராஜ் கப் வாங்கினா அவன் இருக்கட்டும்" என்றார் தொரை. "வாங்கலேன்னா மறுநாள் பெரட்டுலே கத்தியை வாங்கிட்டு அனுப்பு."

பெரட்டு என்றால் விடியற்காலையில் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் களம். அங்கே வைத்து ஒருவன் கத்தியை வாங்கிவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். ஊருக்கு முன்னால் நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது தப்பாகச் சொல்லிவிடுவார்கள் அல்லவா?

இப்போது சுவக்கீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து ஆட்டக்காரர்களைப் பழக்குகிறவர் அவர்தான். பாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அந்தத் தட்டியில் ஓட்டை போட்டது எலி. அதைப் பெரிதாக்கியது நான் என்று அவர் பெண்டாட்டி மதலேனம்மாள் சொல்வது அபாண்டம்.

வேதக்காரர் குடும்பம். சாயங்காலமானால் செபமாலை உருட்டுவார்கள். சாமியார் மாதம் ஒருமுறை மலையேறி வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சுவக்கீனே சேசுநாதர் படத்துக்கு முன் நின்று பாட்டு எடுத்துக் கொடுப்பார். குரல் சகிக்காது. அவர் ஆட்டம் பழக்க வந்தபோது, "பாரு, பிடிக்கிற பயலுவளுக்கெல்லாம் தண்ணி தெளிச்சுப் பேரை மாத்திருவாரு" என்று நான்தான் நாலு வீட்டில் சொன்னேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அவர் செய்தது வேறு. சம்பளத்தன்று ஆட்டக்காரர்களை மைதானத்திலேயே இருட்டும்வரை ஓடவிடுவார். சாராயக்கடைக்குப் போகக் காலில் தெம்பு இருக்காது. எந்தச் சாதியானாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து மதலேனம்மாள் ஊற்றும் கஞ்சியைக் குடிக்க வேண்டும். மூச்சைக் கட்டிப் பாடிக்கொண்டு எதிராளி பக்கம் ஏறும்போது அவன் தாயை வைத்துப் பாடக் கூடாது. எங்கள் ஊர் சடுகுடுவில் அதை எடுத்துவிட்டால் பாட என்ன மிச்சம்? பயல்கள் முழித்தார்கள். கடைசியில் பொன்ராஜ் "கொழுந்து கொழுந்து கொழுந்து" என்று பாட ஆரம்பித்தான். கேட்கிறவர்களுக்கு இவன் ஆட வந்தானா, கூடை எடுக்க வந்தானா என்று சந்தேகம் வரும்.

எல்லாவற்றிலும் பெரிய பைத்தியக்காரத்தனம் ஒன்று உண்டு. பாடிப் போகிறவனுக்கு நடுவில் மூச்சு முறிந்தால் அவன் அவுட். அது எந்த ஊரிலும் உள்ள சட்டம். ஆனால் சத்தத்தில் மூச்சு முறிந்தது யாருக்குக் கேட்கும்? மறைத்துவிட்டுப் பாடிக்கொண்டே வருகிறவன்தான் கெட்டிக்காரன். சுவக்கீன் சொன்னார்: "முறிஞ்சா நீயே சொல்லிட்டு வெளிய வா. நடுவர் கேட்டாரா இல்லையாங்கது அவரு பாடு." சொன்னதோடு விடவில்லை. ஏலத்தோட்டத்துக்காரர்களோடு ஆடியபோது அவரே பாடிப் போய், ஜெயிக்கிற நேரத்தில், "முறிஞ்சிட்டு" என்று தானாகச் சொல்லி வெளியே வந்து தோற்றார். ஊரே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இதில் இன்னொரு கூத்து. அறை வாங்கிய செல்லத்துரையும் இதே அணிதான். பிடிக்கிறபோது பக்கத்தில் நிற்கிறவன் கையைக் கோத்துக்கொள்ள வேண்டும். பொன்ராஜுக்குப் பக்கத்து இடம் செல்லத்துரைக்கு. அறைந்த கையையும் அறை வாங்கினவனையும் சுவக்கீன் அப்படியே கோத்து நிறுத்தினார். இருவரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பார்க்க வேண்டும் அந்தக் காட்சியை.

"நீ செஞ்சதை நீயே தொரைகிட்ட சொல்லிரு தம்பி" என்று செல்லத்துரையிடம் சுவக்கீன் ஒரு தடவை சொன்னார். ஒரே ஒரு தடவைதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

"நீங்களே போய்ச் சொன்னா என்ன? தொரை உங்க பேச்சை நம்புவாரே" என்று மதலேனம்மாள் கேட்டது தட்டி வழியாக எனக்குக் கேட்டது.

"நான் பாக்கலியே. பாக்காததுக்குச் சாட்சி சொல்லக் கூடாது."

"ஊரே சொல்லுது."

"அப்ப ஊரு போய்ச் சொல்லட்டும்."

எனக்கு அந்த நேரத்தில் இருமல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் பொழுது சாயும் வேளையில் அழகுத்தாய் வந்தாள். வாசலிலேயே நின்றாள். இடுப்பில் ஒரு கை, கதவு நிலையில் ஒரு கை.

"அண்ணாச்சி, உங்க காலுல விழுதேன்னு வச்சுக்கோங்க. குனிய முடியல" என்றாள். "நாளைக்கு ஒரு நாளு மட்டும் அந்தச் சட்டத்தை விட்ருங்க. மூச்சு முறிஞ்சாலும் சொல்லாண்டாம்னு அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாக."

பானையில் கஞ்சி கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது. நான் மூச்சைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என்னைக் களத்தில் இறக்கியிருந்தால் கோப்பை எனக்குத்தான்.

"பொய் சொல்லுன்னு அவன்கிட்ட என்னால சொல்ல முடியாதும்மா" என்றார் சுவக்கீன்.

"அப்ப நாங்க கணவாயில கெடந்து சாவ வேண்டியதுதானா?"

சுவக்கீன் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு செய்யுதேன். அவன் கடைசியாப் பாடிப் போகும்போது நான் திரும்பி நின்னுக்கிடுதேன். நான் பாத்துக்கிட்டு நின்னா அவன் சொல்லித்தான் ஆகணும்னு நினைப்பான். பாக்கலைன்னா, அவன் விருப்பம்" என்றார்.

அழகுத்தாய் அழுதுகொண்டே கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் போனதும் மதலேனம்மாள் அகப்பையைப் பானையில் போட்ட சத்தம் கேட்டது.

"போஞ்சு பிலாத்து கையைக் கழுவுனாரு. நீங்க முதுகைத் திருப்புதீக. நல்லாத்தான் இருக்கு."

"என்னை என்னட்டி செய்யச் சொல்லுத?"

"எனக்கென்ன தெரியும்? நான் கஞ்சி ஊத்துதவ."

போஞ்சு பிலாத்து யார் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ கங்காணி என்று நினைத்தேன். மறுநாள் மைதானத்தில் நாலு பேரிடம் அவனைக் காட்டச் சொல்லி விசாரித்தும் பார்த்தேன். சேசுநாதரைக் கொல்லக் கொடுத்துவிட்டு, எனக்கு இதில் பங்கில்லை என்று கையைக் கழுவின அதிகாரி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தொரைமார்கள் நாற்காலியில், நாங்கள் சரிவில் ஈரப் புல்லில். நடுவராக வேறொரு தோட்டத்துச் சின்னத் தொரை விசிலோடு நின்றார். சட்டத்தை அன்று காலையில்தான் கற்றுக்கொண்டாராம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அழகுத்தாய் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த தடம் அப்புறம் வெகுநாள் இருந்தது.

ஆட்டம் இழுபறி. நம் ஆள் ஒருத்தன் போனால் அவர்கள் ஆள் ஒருத்தன் போனான். பொன்ராஜும் செல்லத்துரையும் கை கோத்துப் பிடித்ததில் எதிர்ப்பக்கத்தின் தடிமாடன் ஒருவன் மண்ணைக் கவ்வினான். அடுத்த ஏற்றத்தில் செல்லத்துரையும் வெளியே போனான். கடைசியில் நம் பக்கம் பொன்ராஜ் மட்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர். இந்த ஒரு பாட்டில் இருவரையும் தொட்டுத் திரும்பினால் கோப்பை. இல்லையென்றால் கம்பம் ரோடு.

பொன்ராஜ் கோட்டில் நின்று தொடையைத் தட்டினான். பழக்கமாக ஒருமுறை சுவக்கீன் பக்கம் பார்த்தான். சுவக்கீன் திரும்பி, முதுகைக் காட்டி, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைவிரல்கள் மட்டும் பின்னால் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருந்தன.

"கொழுந்து கொழுந்து கொழுந்து" என்று ஏறினான். ஒருவனைப் போன வேகத்திலேயே தொட்டான். மற்றவன் ஓரத்தில் பதுங்கினான். பொன்ராஜ் விழுந்து, அவன் கணுக்காலில் விரலைப் போட்டான். திரும்பும்போது அந்தக் கணுக்காலுக்குரியவன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். இருவரும் தரையில் உருண்டார்கள். ஊரே கத்தியது. பொன்ராஜ் அவனையும் இழுத்துக்கொண்டு புழுப் போல ஊர்ந்தான். கை நீண்டது. கோட்டைத் தொட்டது. "கொழுந்து" என்று அவன் வாய் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

விசில் ஊதியது. சின்னத் தொரை எங்கள் பக்கம் கையைக் காட்டினார். எங்கள் தொரை நாற்காலியிலிருந்து குதித்தார். அழகுத்தாய் என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

இடுப்பைக் கட்டிய எதிராளி எழுந்து கத்தினான்: "முறிஞ்சிட்டு! நடுவுல மூச்சை இழுத்தான். என் காதுகிட்ட இழுத்தான்!"

எங்கள் பக்கத்துப் பயல்கள் ஊளையிட்டார்கள். "தோத்தா அப்படித்தாம்லே கேக்கும்!"

அவன் விடவில்லை. நேரே சுவக்கீனிடம் ஓடினான். கோட்டுக்குப் பக்கத்தில், பொன்ராஜ் உருண்ட இடத்துக்கு நாலடி தூரத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

"வே, நீரு சொல்லும். உம்ம ஆளானாலும் நீரு பொய் சொல்ல மாட்டீரு. நீரு சொன்னா நாங்க ஒத்துக்கிடுதோம். மூச்சு முறிஞ்சுதா இல்லையா?"

தொரைமார்கூட என்னவென்று பார்த்தார்கள். என் கையில் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது.

சுவக்கீன் மெல்லத் திரும்பினார்.

"நான் பாக்கல" என்றார்.

உண்மைதான். ஊரே சாட்சி, அவர் பார்க்கவில்லை. ஆனால் மூச்சு முறிவதைக் கண்ணால் யார் பார்த்தார்கள்? அது காதுக்கு உள்ளது. காதுக்கு முதுகு கிடையாது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது புரிந்தது. மண்ணில் கிடந்த பொன்ராஜுக்கும் புரிந்தது.

அவன் எழுந்தான். முட்டியில் ரத்தம். எங்கள் சரிவின் பக்கம் ஒருமுறை பார்த்தான், அழகுத்தாயைத் தேடினான். பிறகு சுவக்கீனுக்கும் அந்த எதிராளிக்கும் நடுவில் போய் நின்றான்.

"அவரை விடுலே. அவரை எதுக்கு இதுல இழுக்க? முறிஞ்சிட்டு. நான்தான் சொல்லுதேன், முறிஞ்சிட்டு."

சொல்லிவிட்டு நடந்து போய்க் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டான். கோப்பை போயிற்று.

அன்று சாயங்காலம் லயத்தில் சுவக்கீனுக்குக் கிடைத்த வசவை நான் இங்கே எழுதினால் தாள் கருகிவிடும். வேதத்தைப் படித்துக் கொடுத்து ஒரு குடும்பத்தைக் கெடுத்தார் என்று ஒரு பக்கம். பிள்ளைத்தாச்சி பாவம் சும்மா விடாது என்று ஒரு பக்கம். பொன்ராஜ் அவர் வாசலில் வந்து நின்றபோது அடி விழப்போகிறது என்றே நான் தட்டியில் காதை வைத்தேன்.

"நீங்க பாக்கலைன்னு சொன்னீகளே, அது எனக்குப் பிடிக்கல அண்ணாச்சி" என்றான் பொன்ராஜ். அவ்வளவுதான். போய்விட்டான்.

அன்றைக்கு மதலேனம்மாள் ஊற்றின கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் பெரட்டுக்களத்தில் பனி. தொரை குதிரையிலிருந்து இறங்கவே இல்லை. முந்தின நாள் கிளப்பில் வாங்கின கேலி முகத்தில் இருந்தது. அழகுத்தாய் சட்டிபானையெல்லாம் ஒரு சேலையில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். கங்காணி பொன்ராஜின் பேரைக் கூப்பிட்டு, "கத்தியை வை" என்றார். குரலில் தேன் ஒழுகியது.

பொன்ராஜ் கத்தியை நீட்டும் முன் சுவக்கீன் வரிசைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். பாக்டரிக்காரர்களுக்குப் பெரட்டில் வேலையே இல்லை. கங்காணி, "உமக்கென்னவே இங்க?" என்று அதட்டினார்.

"தொரை, நேத்து என்கிட்ட கேட்டாங்க. மூச்சு முறிஞ்சது என் காதுல விழுந்துச்சு. பாக்கலைன்னு சொல்லித் தப்பிச்சேன். அது பொய்தான்" என்றார் சுவக்கீன். குரல், பாட்டு எடுத்துக் கொடுக்கிற குரலைவிட மோசம். "அவன் நான் படிச்சுக் குடுத்த ஆட்டத்தை ஆடுனான். நான்தான் ஆடல. கோப்பை போனதுக்கு ஒரு ஆளை மலையிறக்கணும்னா என்னை இறக்குங்க."

தொரைக்குக் கோபம் வந்துவிட்டது. "கப் இல்லே! இவன் செல்லத்துரையை அடிச்சான். அதுக்குத்தான். நீ அதுக்கு என்னா சொல்றான்?"

"அது எனக்குத் தெரியாது தொரை. நான் பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, "இது நெசமாவே பாக்கல" என்றார்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் இல்லை.

தொரை எரிச்சலோடு செல்லத்துரை பக்கம் திரும்பினார். "உன்னை அடிச்சானா?"

"அடிச்சான் தொரை."

"ஏன் அடிச்சான்?"

அத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. கங்காணி தொண்டையைச் செருமினார். செல்லத்துரை தாய்மாமனைப் பார்த்தான். அப்புறம் பொன்ராஜைப் பார்த்தான். சுவக்கீன் அவனைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனியில் எங்கள் மூச்செல்லாம் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

"கூடைக்கு அடியில முழங்காலு குடுத்தேன் தொரை" என்றான் செல்லத்துரை. "அந்த அக்கா கேட்டாக. தள்ளிவிட்டேன்."

தொரைக்கு முழங்கால் விஷயம் விளங்கவில்லை. தராசைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கூடையில் கல்லைப் போட்டு மாட்டினார்கள். செல்லத்துரை எல்லார் முன்னாலும் கூடையை அணைத்துப் பிடிப்பதுபோல் பிடித்து, அடியில் முழங்காலைக் கொடுத்துக் காட்டினான். தராசு முள் சரசரவென்று இறங்கியது. காலை எடுத்தான், முள் ஏறியது. மறுபடியும் செய்யச் சொன்னார் தொரை. மறுபடியும் செய்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கூடைக்குள் விழுந்தது. பெண்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பெரிதாயிற்று.

"இப்படி செய்ய யார் சொன்னது?"

கங்காணியின் தலைப்பாகை அசையாமல் நின்றது. செல்லத்துரை அதைப் பார்த்தான். "யாரும் சொல்லல. நானேதான்" என்றான்.

முழு உண்மை வரவில்லை. முக்கால்வாசி வந்தது. அந்த வீட்டில் சோறு தின்கிறவனுக்கு அதற்குமேல் தொண்டை திறக்குமா?

தொரை கொஞ்ச நேரம் கங்காணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ்தான் அரைகுறை. பிறகு உத்தரவு போட்டார். செல்லத்துரைக்கு இனித் தராசு கிடையாது; களை வெட்டப் போக வேண்டும். பொன்ராஜ் இருக்கட்டும், ஆனால் அடித்தது அடித்ததுதான் என்பதால் மேல் டிவிஷனுக்குப் போக வேண்டும். மேல் டிவிஷன் என்றால் அட்டையும் யானையும்தான் அக்கம்பக்கம். சுவக்கீனைப் பார்த்து, "நீ பாக்டரிக்குப் போ" என்றார். சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கங்காணி அன்றைக்கே மருமகனை வீட்டைவிட்டுத் துரத்தினார். அவன் எங்கே போவான்? தட்டிக்கு அந்தப் பக்கம் இப்போது கஞ்சிக்கு ஒரு வாய் கூடுதல். எப்படியும் வேதத்தில் சேர்ந்துவிடுவான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை நெற்றியில் திருநீற்றோடுதான் வருகிறான். அவர்களும் ஒன்றும் சொல்வதில்லை. என் பேச்சை யாரும் காப்பாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

பெரட்டுக் கலைந்ததும் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். அழகுத்தாய் மட்டும் மூட்டையைத் தலையில் வைத்தபடியே நின்றாள். இறக்கி வைக்கலாம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் கைகொடுத்து இறக்கினேன். மேல் டிவிஷன் வீடு காலியாகி, கூரை பார்த்து முடிய நாளாகும். அதுவரை பழைய வீட்டிலேயே அடுப்பு மூட்ட வேண்டும். "குருவக்கா, முடிச்சு வரமாட்டேங்குது" என்றாள். பொன்ராஜ் முந்தின நாள் ஆத்திரத்தில் போட்ட முடிச்சு. நானும் அவளும் தரையில் உட்கார்ந்து, பல்லால் கடித்து அவிழ்த்தோம். என்னென்ன பாத்திரம் வைத்திருக்கிறாள் என்று நானும் வெகுநாளாகப் பார்க்க ஆசைப்பட்டவள்தான்.